எட்டாம் பக்கம்

"வேண்டாம். விமானி தனியாவே போகட்டும்."

வசனப் பிரதியின் எட்டாம் பக்க ஓரத்தில் சிவப்புப் பென்சிலில் இருந்த அந்த வரியை வசனகர்த்தா மூன்று தரம் படித்தாள்.

பெண்களைக் காதலிக்கும் நான்கு தோழிகளின் கதை அந்த டிவி தொடர். அதற்கு வசனம் எழுதுகிறவளும் மேக்கப் போடுகிறவளும் நான்கு வருஷமாக ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தும் ஜோடி. இப்போது மேக்கப்காரிக்கு வேறு ஊரில் பெரிய வேலை வந்திருந்தது. 'நானும் வரட்டுமா?' என்று கேட்க வேண்டியதுதானே? ஊரார் வாய்க்கெல்லாம் வசனம் எழுதுகிறவளுக்குத் தன் வாய் மட்டும் திறக்கவில்லை. தொடரில் வரும் பேக்கரிக்காரி, வேறு ஊர் போகும் தன் காதலியான விமானியிடம் அதையே கேட்பதுபோல் எட்டாம் பக்கத்தில் எழுதி, பிரதியை மேக்கப் அறை மேஜையில் வைத்தாள். மாலையில் இந்தப் பதில். மேக்கப்காரியின் கையெழுத்து எப்படி இருக்கும் என்றே இவளுக்குத் தெரியாது; வீட்டில் பால் வாங்கச் சொல்வதுகூட போன் மெசேஜில்தான்.

மறுநாள் பேக்கரிக்காரியை அழவிட்டாள். "உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

பதில்: "இவ்வளவு கெஞ்சக் கூடாது. மானம் முக்கியம்."

வீட்டுக்குப் போனால் மேக்கப்காரி தலையைக் கோதி, "ஏன் உம்முன்னு இருக்க? சாப்பிட்டியா?" என்கிறாள். எழுத்தில் விரட்டுகிறவள் நேரில் கொஞ்சுவானேன்? வசனகர்த்தாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மூன்றாம் நாள் வந்த கோபத்தில் பேக்கரிக்காரிக்குப் புதுக் காதலியாக ஒரு வக்கீலைப் பிடித்துக் கொடுத்தாள்.

பதில்: "அப்பாடா! இதுதான் சரி."

"பிரமாதம்மா!" என்று துள்ளினார் டைரக்டர். "பிரிவை வெச்சே நூறு எபிசோட் இழுத்துடலாம்!"

நான்காம் நாள் வசனகர்த்தா மேக்கப் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள். மூலையில் காஸ்ட்யூம் அக்கா விமானியின் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார்.

"போறதுன்னா போ! எழுதி எழுதியா விரட்டணும்?"

"நான் எங்கடி விரட்டினேன்?" மேக்கப்காரி பவுடர் பிரஷ்ஷோடு திரும்பினாள். "கூட வரட்டுமான்னு நீ ஒரு வார்த்தை கேப்பேன்னு பாத்தேன். நீ வாயே திறக்கலை. இன்னிக்குக் காலையிலதான் ஒரே ஒரு டிக்கெட் போட்டேன்."

"தினமும் கேட்டேனே!"

"எப்ப?"

"எட்டாம் பக்கத்துல! நீயும் பதில் எழுதினியே!"

மேக்கப்காரி பிரஷ்ஷும் கையுமாக விழித்தாள்.

காஸ்ட்யூம் அக்கா ஊசியைக் கீழே வைத்தார்.

"அவ எங்கேம்மா அதெல்லாம் படிக்கிறா? இன்னிக்கு அழுகை உண்டா, கண் மை கரையுமான்னு என்கிட்டதான் கேப்பா. அந்த பேக்கரிப் பொண்ணு படற பாடு பொறுக்காம எழுதினது நான்தான்!"