கிள்ளான் மூலை வீட்டில் உயிரறநெறிக் குழு

மனிதகுலத்தின் ஆகப் பெரிய கேள்விகளுக்கு விடை காணும் பொறுப்பு, இந்த நூற்றாண்டில், கிள்ளானில் ஒரு மூலை வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பெரிய பெரிய பல்கலைக்கழகங்கள் திணறிக்கொண்டிருந்த நேரத்தில் பிரிக்ஃபீல்ட்ஸ் தமிழ்க் கிறிஸ்தவ சபை ஒன்று துணிந்து அதைக் கையில் எடுத்தது. அந்தச் சபைக்குக் கேள்விகளைக் கண்டால் பயமே கிடையாது. பதில்களிடம்தான் கொஞ்சம் கூச்சம்.

வீட்டுக்காரர் பெயர் தேவசகாயம். ஓய்வுபெற்ற ஆயுள் காப்புறுதி முகவர். ஊராரின் சாவைப் பற்றி, அவர்கள் முகம் சுளிக்காதபடி, தேநீர் குடித்துக்கொண்டே பேசிப் பிழைத்தவர். மனைவி போன பிறகு மகள் பெர்சிஸோடு இருந்தார். ஈரலில் புற்றுநோய் இரண்டாம் முறை வந்திருந்தது. இன்னொரு சுற்று கீமோ கொடுத்துப் பார்க்கலாம், சில மாதம் கூடலாம், கூடாமலும் போகலாம், உங்கள் இஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சிகிச்சை இல்லாவிட்டால் கிறிஸ்துமஸ் வரைக்கும் என்று ஒரு கெடுவும் சொன்னார்.

தேவசகாயத்தின் இஷ்டம் தெளிவாக இருந்தது. போதும். முதல் சுற்றில் தலைமுடி போனதற்கு அவர் வருத்தப்படவில்லை. நாக்கில் ருசி போனதைத்தான் தாங்க முடியவில்லை. வலிக்கு மருந்தும் வாய்க்கு ருசியுமாக மிச்ச நாளை வீட்டில் கழித்துவிட்டுக் கர்த்தரிடம் போய்ச் சேர அவர் தயார்.

பெர்சிஸ்தான் தயாராக இல்லை. சிகிச்சையை வேண்டாமென்பது தற்கொலைக்குச் சமம் என்று யாரோ ஜெபக்கூட்டத்தில் சொல்லி வைத்தது அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

“சபை பாவமில்லேன்னு சொல்லட்டும்பா. அப்புறம் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்,” என்றாள்.

அடுத்த கீமோவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. அதற்குள் பதில் வேண்டும். தேவசகாயம் போதகரிடம் போய்க் கேட்டார்.

ஒருவர் கேட்டதற்கு இன்னொருவர் அங்கேயே பதில் சொல்லிவிட்டால் சபை நிர்வாகம் என்று ஒன்று எதற்கு? போதகர் நிர்வாகத்துக்கு அனுப்பினார். நிர்வாகம் ‘உயிரறநெறி ஆலோசனைக் குழு’ ஒன்றை நிறுவியது. தலைவர் டாக்டர் சாமுவேல்ராஜ். அவர் பல் டாக்டராயிற்றே என்று சிலர் முணுமுணுத்தார்கள். பல்லுக்கும் உயிர் உண்டு, பிடுங்கும்போது தெரியும் என்று அவர் அடக்கமாக விளக்கினார். சட்ட ஆலோசகர் எப்சிபா, வீடு நிலம் பெயர் மாற்றுவதில் கைதேர்ந்த வழக்கறிஞர். மற்ற உறுப்பினர்கள் ஆமோதிப்பதற்கு.

வியாழக்கிழமைகளில் சபை மண்டபத்தில் பெண்கள் சங்கத்தின் ஸும்பா நடந்ததாலும், பிரிக்ஃபீல்ட்ஸில் கார் நிறுத்த இடம் கிடைப்பது பரலோகத்தில் இடம் கிடைப்பதைவிடக் கடினம் என்பதாலும், தேவசகாயத்தின் வீட்டிலேயே கூடுவது என்று தீர்மானமாயிற்று. எதிரே புல்வெளி, எத்தனை காரும் நிற்கும். தவிர, ‘கேஸுக்கு அருகிலிருந்து’ ஆராய்வது உத்தமம் என்று தலைவர் கருதினார். தேவசகாயத்துக்குச் சந்தோஷம். இத்தனை படித்தவர்கள் தன் ஒருவனுக்காக வருகிறார்களே என்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார்.

ஆரம்ப ஜெபம் முடிந்ததும் எப்சிபா மெல்ல எழுந்தார். சபையின் சட்டதிட்டப்படி, ஒரு விஷயத்தில் சம்பந்தப்பட்டவர் அந்த விஷயம் பேசப்படும் அறையில் இருக்கக்கூடாது. மண்டபத்துக்குச் சாயம் பூசும் வேலையை யாரும் தன் மச்சானுக்குக் கொடுத்துவிடக்கூடாது என்பதற்காக எழுதப்பட்ட விதி. ஆனால் விதி என்றால் விதிதான்.

“அங்கிள், நீங்கதான் கேஸ். உங்க சாவுல உங்களுக்கு சொந்த இன்ட்ரஸ்ட் இருக்குல்லா. தப்பா எடுத்துக்காதீங்க,” என்றார்.

இப்படித்தான் தேவசகாயம் தம் வீட்டுச் சமையலறையில், அடுப்புக்கான கேஸ் தோம்புக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக்கு ‘மாற்றலாகி’ப் போனார். அவருக்குக் கோபமில்லை. இதில் ஏதோ நியாயம் இருக்கத்தான் வேண்டும் என்று நம்பினார். சபைக்காரர்களின் பலமே அந்த நம்பிக்கைதான்.

குழு வேலையை முறைப்படி தொடங்கியது. உயிர் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் எங்கே முடிகிறது என்று எப்படிச் சொல்வது என்று தலைவர் கேட்டார். ஆகவே கருவிலிருந்து தொடங்கி, வரிசை தவறாமல், வாழ்க்கையின் எல்லாக் கட்டங்களையும் கடந்து, கடைசியாகத் தேவசகாயத்திடம் வருவது என்று ஏகமனதாக முடிவாயிற்று.

முதல் கூட்டங்கள் சோதனைக்குழாய்க் கருவுக்குப் போயின. ஆஸ்பத்திரி ஃப்ரீசரில் உறைந்து கிடக்கும் கருவுக்கு ஆத்துமா உண்டா, உண்டென்றால் அதற்குக் குளிருமா என்று விவாதித்தார்கள். பிறகு வாடகைத் தாய். பிறகு மரபணுவைத் திருத்துவது. கர்த்தர் எழுதியதில் பிழை திருத்துவது மரியாதையா என்ற கோணத்தில். குளோனிங் வந்தபோது, நகலாகப் பிறந்தவருக்குத் தனி ஞானஸ்நானம் வேண்டுமா, அசலுக்குக் கொடுத்ததே செல்லுமா என்பதில் இரண்டு உறுப்பினர்கள் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள். சமையலறையில் தேவசகாயம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பல விஷயங்கள் அவருக்குப் புதிது. உண்மையிலேயே நன்றாகத்தான் பேசினார்கள்.

கீமோவுக்கு முந்தின வியாழக்கிழமை உறுப்பு தானம். ஒருவருடைய சிறுநீரகத்தை இன்னொருவருக்கு வைத்தால், உயிர்த்தெழும் நாளில் அது யாருக்குச் சொந்தம்? எப்சிபாவின் முகம் மலர்ந்தது. இது பெயர் மாற்ற விவகாரம், அவர் கோட்டை. அரை மணி நேரம் பேசினார். முடித்ததும் தலைவர் குரல் தழதழக்க, சாகப்போகும் மனிதனின் மாண்பு என்று ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்துச் சமையலறையில் இருமல். அடக்கப் பார்த்தும் அடங்காத இருமல்.

பெர்சிஸ் தேநீர்க் குடுவையோடு கூடத்தில் நின்றிருந்தாள். எப்சிபா அவளைப் பக்கத்தில் அழைத்தார்.

“அப்பா இருமல் கொஞ்சம் டிஸ்டர்பா இருக்குலா. அந்தக் கதவ சாத்திடேன்மா.”

பெர்சிஸ் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே போய், உள்பக்கமாக.

அப்பா நாற்காலியில் குனிந்து உட்கார்ந்து, சத்தம் வெளியே போகாமலிருக்கத் துண்டை வாயில் அமுக்கிக்கொண்டிருந்தார். தரையில் அவர் காலடியில் உட்கார்ந்தாள். அப்புறம், உங்களுக்கு என்னதான்பா வேணும் என்று கேட்டாள்.

“எனக்குப் பயமெல்லாம் இல்லம்மா. கர்த்தர்கிட்டதானே போறேன்,” என்றார். “நான் போனப்புறம், அப்பாவ சும்மா விட்டுட்டேனேன்னு நீ உக்காந்து அழுவியே, அதான் பயம். அதுக்குத்தான் சபைகிட்ட கேட்டேன். எனக்காக இல்ல, உனக்காக.”

பெர்சிஸ் அவர் முழங்காலில் முகத்தை வைத்து அழுதாள். வெளியே மனித மாண்பு தொடர்ந்து நடந்துகொண்டிருந்தது. அழுது முடித்ததும் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கீமோ வேணாம்பா, நான் நாளைக்கே ஆஸ்பத்திரியில சொல்லிடறேன் என்றாள். பாவமா என்று அவரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

‘கேஸ்’ தன்னைத் தானே முடித்துக்கொண்ட செய்தி குழுவை ஆழமாகப் புண்படுத்தியது. இது குழுவின் சுதந்திரத்தில் தலையிடுவதாகும் என்று எப்சிபா பதிவு செய்தார். தேவசகாயம் அண்ணன் கொஞ்சம் பொறுத்திருக்கலாம் என்று தலைவர் பெர்சிஸிடம் குறைபட்டுக்கொண்டார். அண்ணன் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தார். அடுத்த வாரத்திலிருந்து கூட்டங்கள் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு, டாக்டரின் பல் கிளினிக்குக்கு மாறின.

வலிக்கு மருந்து கொடுக்க ஒரு தாதி வாரம் ஒருமுறை வந்தார். நாக்கில் ருசி மெல்லத் திரும்பியது. பெர்சிஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைப் பக்கத்துச் சபைக்குக் கூட்டிப்போய், வரும் வழியில் சீனர் கடையில் பாக்குத்தே வாங்கிக் கொடுத்தாள். மூலிகை வாசனையோடு சூடாக வந்த அந்தப் பன்றியெலும்புக் குழம்பை அவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். கிறிஸ்துமஸ் வந்தது, போனது. தேவசகாயம் போகவில்லை.

ஈஸ்டர் முடிந்து அடுத்த ஞாயிறு, குழுவின் ஆய்வு நூலின் முதல் பாகம் பிரிக்ஃபீல்ட்ஸ் சபை மண்டபத்தில் வெளியீடு கண்டது. கருவைப் பற்றிய பாகம். தேவசகாயம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். தம் வீட்டில் உருவான நூலாயிற்றே என்ற பெருமை அவருக்கு.

டாக்டர் சாமுவேல்ராஜ் கம்பீரமாக மேடையேறி, நூலின் முதல் பக்கத்தை விரித்தார். மனிதவுயிரின் மேன்மையை எங்களுக்கு உணர்த்திய அமரர் தேவசகாயம் அவர்களின் நினைவுக்கு இந்நூல் காணிக்கை என்று வாசித்தார். அச்சுக்குப் போன நேரத்தில் ஆஸ்பத்திரி டாக்டர் சொன்ன கெடு தாண்டியிருந்தது. கணக்கில் தப்பில்லை. ஒரு போன் போட்டுப் பார்ப்பது மட்டும் குழுவின் வேலைத்திட்டத்தில் இடம்பெறவில்லை.

மண்டபம் மொத்தமும் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தது. டாக்டரும் பார்த்தார். மேடையை விட்டு இறங்கி, வரிசைகளைத் தாண்டி வந்து, தேவசகாயத்தின் முன்னால் வியர்க்க விறுவிறுக்க நின்றார்.

“அண்ணே, நீங்க இன்னும் இருக்கீங்களா?”

மனிதவுயிரைப் பற்றி அந்தக் குழு அதுவரை எத்தனையோ கேள்விகளை எழுப்பியிருந்தது. தேவசகாயத்திடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்.