ரகசியக் கூட்டம்

அவள் கண்ணை மூடி மூன்றாவது மூச்சை இழுப்பதற்குள் கதவு திறந்தது. தலைமை மெக்கானிக் நின்றிருந்தார்.

"கம்ப்ரஸர் ஆய்வுன்னு எழுதியிருக்கு. என்னைக் கூப்பிடாம என்ன ஆய்வு?"

ஃபிரிட்ஜ் பழுது பார்க்கும் அந்த ஆபீஸில் புகார் கேட்பது அவள் வேலை. ஐஸ் உருகிப்போன வீட்டுக்காரர்களெல்லாம் அவளிடம்தான் கொதிப்பார்கள். போன வாரம் அசதியில் ஒரு வாடிக்கையாளரிடம், அம்மாவிடம் பேசுகிற நினைப்பில், "சரிம்மா, நீ சாப்பிட்டுத் தூங்கு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அதைக் கேள்விப்பட்ட அக்கா அன்றைக்கே பிடித்து உட்கார வைத்து, தினமும் பத்து நிமிடம் மூச்சை மட்டும் கவனி என்று சொல்லிக்கொடுத்தாள். ஆனால் வீட்டில் அக்காவின் இரட்டைப் பிள்ளைகள் இருக்கின்றன. இரண்டும் சரியான வால். மூச்சு விடவே விடாதுகள். ஆபீஸில் ஆள் நடமாட்டமில்லாத இடம் சின்னக் கூட்ட அறை ஒன்றுதான். அதற்குப் பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும். கைக்கு வந்ததை எழுதியிருந்தாள்.

உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "பேசறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் கண்ண மூடி யோசிப்போம் சார்," என்றாள்.

அவர் உடனே உட்கார்ந்தார். பத்து நிமிடம் கழித்து, நல்ல கூட்டம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் யாரும் எட்டிப்பார்க்கக் கூடாதென்று 'பழைய கோப்புகளை ஒழுங்குபடுத்துதல்' என்று எழுதினாள். ஸ்டோர்காரர் நான்கு கட்டுக் கோப்புகளைச் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தார். பின்னாலேயே மெக்கானிக்கும் வந்தார்.

மூன்றாம் நாள் பொறுமை போய், 'ரகசியம்' என்று ஒரே வார்த்தை எழுதினாள். மொத்த ஆபீஸும் வந்துவிட்டது.

ஏழு நாற்காலி, பதினோரு பேர். மிச்சப்பேர் சுவரில் சாய்ந்துகொண்டார்கள். யோசிப்போம் என்று அவள் சொன்னதுதான் தாமதம், எல்லாக் கண்களும் மூடின. வேடிக்கை என்னவென்றால், அன்றைக்குத்தான் அவளுக்கு மனம் நின்றது. மூச்சு போனது, வந்தது. வெளியே போன்கள் அடித்து ஓய்ந்தன. யார் வீட்டுப் போனோ என்றிருந்தது. காரணமே இல்லாமல் சந்தோஷமாக இருந்தது.

கண்ணைத் திறந்தால் எதிரே மேனேஜர்.

வேலை போச்சு என்றே நினைத்தாள். அவரோ தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்தக் கூட்டத்தைத் தினமும் வைத்துக்கொள்ளலாமே என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

எல்லோரும் போன பிறகு, அறையைப் பெருக்கும் அம்மா துடைப்பத்தோடு வந்தார். அவளுக்கு மனசு உறுத்தியது. யாரிடமாவது சொல்லித் தீர்த்துவிட வேண்டும் போலிருந்தது.

"எல்லாரையும் ஏமாத்திட்டேம்மா. இங்க கூட்டமே நடக்கல."

அந்த அம்மா நாற்காலிகளை ஒதுக்கியபடியே சொன்னார்:

"இந்த ரூம்ல என்னைக்கும்மா கூட்டம் நடந்திருக்கு? ஆளுக்கொரு காரணம் எழுதிட்டு, ஒவ்வொருத்தரா வந்து தூங்கிட்டுப் போவாங்க. நீதான் எல்லாரையும் ஒண்ணா தூங்க வச்சிருக்க."