துபாய்க்குப் போன விண்ணப்பதாரர்

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான புதிதில் நான் மனைவியின் முகத்தைப் பார்த்ததைவிட ஒரு வங்கியின் இணையப் பக்கத்தைப் பார்த்ததுதான் அதிகம். கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பித்திருந்தேன். அந்த நீளமான விண்ணப்ப எண் எனக்குத் தலைகீழாகத் தெரியும். (கலாவின் பிறந்த நாளை இன்றும் ஒரு நாள் தள்ளித்தான் சொல்வேன்.) பல் தேய்க்கும்போது பார்ப்பேன், சிக்னலில் நிற்கும்போது பார்ப்பேன், ஆபீஸ் மீட்டிங்கில் மேஜைக்கு அடியில் பார்ப்பேன். எப்போதும் ஒரே பதில்: ‘முகவரி சரிபார்ப்பு நிலுவையில் உள்ளது.’

கார்டு இல்லாமல் கெட்டுப்போன காரியம் ஒன்றுமில்லை. ஆனால் குடியாத்தத்தில் பெண் பார்க்கப் போன அன்றே மாமனாரிடம், “பெங்களூர்ல பேங்க்காரங்க கார்டை வெச்சிக்கிட்டு என் பின்னாடியே சுத்தறாங்க மாமா” என்று அளந்துவிட்டிருந்தேன். இப்போது அவரே அடுத்த வாரம் எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தார்.

அந்தச் சனிக்கிழமை கலா வேலைக்குப் போயிருந்தாள். ஈஜிபுராவில் எங்கள் இரண்டாவது மாடி வீட்டில், லுங்கியும் பனியனுமாக நான் சாம்பார் வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கையில் கரண்டி, மறு கையில் போன். பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டிருந்த நேரம் பார்த்துக் காலிங்பெல் அடித்தது. வாசலில் ஹெல்மெட்டும் ஃபைலுமாக ஒருவர்.

“சிவகுமார் சார் இதாரா?” என்று கன்னடத்தில் என் பெயரைச் சொல்லி, ஆள் இருக்கிறாரா என்று கேட்டார்.

யாரோ பாலிசி விற்க வந்திருக்கிறார் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். “இல்லா. துபாய்கே ஹோதரு” என்றேன், அதாவது ஆள் துபாய்க்குப் போய்விட்டார் என்று. என் கன்னடம் பிழையில்லாமல் வந்த முதல் நாள் அது. எப்போது வருவார் என்று கேட்டார். “பரல்லா”, வரவே மாட்டார் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அடுப்படிக்கு வந்து போனைப் பார்த்தால், முகவரி சரிபார்ப்பு இன்னும் நிலுவையில்தான் இருந்தது. ‘இந்த பேங்க்ல ஒருத்தனும் வேலையே செய்யறதில்ல’ என்று சாம்பாரிடம் புலம்பினேன்.

மாமனார் வந்து இறங்கிய அன்றே பக்கம் மாறியது: ‘நிராகரிக்கப்பட்டது.’ என் முகம் போன போக்கைப் பார்த்து அவர் விஷயத்தைக் கறந்துவிட்டார்.

“நேர்ல போய்க் கேட்டுடலாம் மாப்பிள்ளை. நானும் வரேன்.”

அவர் கண்முன்னே நாலு வார்த்தை சத்தம் போட்டால் போன மானம் திரும்பிவிடும் என்று தோன்றியது. கிளம்பினோம். வங்கியில் இருந்த அதிகாரி, பெங்களூர் ஆஸ்டின் டவுன் பக்கத்துத் தமிழ்ப் பெண்மணி. நான் நின்றபடியே குரலை உயர்த்தினேன்.

“ரெண்டு வருஷமா அதே வீட்லதான் இருக்கேன் மேடம். ஒரு ஆள்கூட வந்து பாக்கல. என்ன சர்வீஸ் இது?”

வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். அந்த அம்மாள் கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

“ஆள் வந்திருக்காரே சார். நீங்க துபாய்ல செட்டில் ஆயிட்டீங்க, திரும்பி வரமாட்டீங்கன்னு ரிப்போர்ட் இருக்கு.”

“யார் மேடம் அப்படிச் சொன்னது?”

“உங்க வீட்டு சமையல்காரரு. லுங்கி, பனியன், கையில கரண்டின்னு எழுதியிருக்கு.” திரையை இன்னும் கொஞ்சம் கீழே நகர்த்தி, “மரியாதை தெரியாத ஆளுன்னும் போட்டிருக்கு” என்றார்.

பாஸ்புக்கோடு நின்ற ஒருவருக்கு இருமல் வந்தது. மாமனார் சிரிக்கவில்லை. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் கேட்டார்.

“சமையல்காரருக்கு என்ன சம்பளம் குடுக்கறீங்க மாப்பிள்ளை?”

அடுத்த மாதம் கலா அதே வங்கியில் விண்ணப்பித்தாள். ஒரு தடவைகூட நிலவரம் பார்க்கவில்லை. ஃபைல்காரர் வந்தார், உட்கார்ந்து காபி குடித்தார். (நான் குளியலறையில் இருந்தேன். குளிக்கவில்லை.) பத்து நாளில் கார்டு வந்துவிட்டது. கூடவே எனக்கு ஒரு ஆட்-ஆன் கார்டு, அதாவது அவள் பெயரில் தொற்றிக்கொண்டு வரும் உபரிக் கார்டு. நான் எங்கே பிரியாணி சாப்பிட்டாலும் அவள் போனுக்குச் செய்தி போகும்.

குடியாத்தத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மாமனார் எங்களைச் சொந்தக்காரர்கள் முன்னால் நிறுத்தி, முகத்தில் சிரிப்பே இல்லாமல் அறிமுகம் செய்கிறார்:

“இது என் பொண்ணு கலா. இவரு அவளோட ஆட்-ஆன்.”