மூன்று ரயிலுக்கும் ஒரே கியர்பாக்ஸ்

எஞ்சினைப் பற்றிப் புத்தகத்தில் மட்டும் படித்தவன் கையில் எஞ்சினைக் கொடுக்கக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன். அப்படிப் படித்தவன் நான்தான்.

குன்னூர் பக்கம் ஒரு டீ எஸ்டேட். சுற்றுலா வருபவர்களுக்காகத் தேயிலைக்கு நடுவே நான்கு கிலோமீட்டர் தண்டவாளம் போட்டு, மூன்று குட்டி டீசல் ரயில்கள் ஓட்டினார்கள். ஒன்றில் டிராக்டர் எஞ்சின், இன்னொன்றில் ஜீப் எஞ்சின். மூன்றாவது எந்த வண்டியின் எஞ்சின் என்று அதற்கே தெரியாது. முப்பது வயதில் அங்கே எஞ்சினியராகச் சேர்ந்த நான், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒரே வகையாக்கினால்தான் ரயில் உருப்படும் என்று முதலாளிக்குப் பதினெட்டுப் பக்கம் எழுதினேன். (அவர் கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் படித்தார்.) மூன்றுக்கும் ஒரே லாரி எஞ்சின், ஒரே லாரி கியர்பாக்ஸ் வந்து இறங்கின.

மெக்கானிக் முருகேசன், பழைய ரயில்களிலிருந்து கழற்றிய இரும்புப் பெட்டி ஒன்றைக் காட்டினார். அவரே செய்தது.

"ஏனுங்க சார், இதையும் மாட்டோணுமுங்க. அப்பத்தான் எல்லா கியர்லயும் ரெண்டு பக்கமும் ஓடும்."

"கியர்பாக்ஸ்லயே ரிவர்ஸ் இருக்கே? இதெல்லாம் ஸ்டாண்டர்டு இல்லை முருகேசன்."

"இருக்குதுங்க..." என்று இழுத்தார். (இழுப்பதையெல்லாம் காதில் வாங்குகிற வயதா அது?) ஷெட்டுக்குள் முன்னே பத்தடி, பின்னே பத்தடி ஓட்டிப் பார்த்தேன். பிரமாதம்.

முதல் ஓட்டத்தில், எனக்குப் பார்த்திருந்த பெண்ணின் வீட்டாரை ஏற்றினேன். அன்று வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் என் குவார்ட்டர்ஸில் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டால்தான் எங்கள் வழக்கப்படி நிச்சயம். இந்த நேரம் தவறினால் வேறு இடம் பார்ப்பதாகப் பெண்ணின் தாய்மாமா முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். "அரை மணி நேரத்துல போயிட்டு வந்துரலாமுங்க மாமா" என்று ஒன்பதே காலுக்குக் கிளப்பினேன்.

போகும்போது பறந்தோம். கடைசியில் இருந்த கேன்டீனில் டீ குடித்துவிட்டு ஒன்பதே முக்காலுக்குத் திரும்பக் கிளம்பினோம். ரயிலைத் திருப்பிப் போட இடம் கிடையாது. பின்பக்கமாகவே வர வேண்டும். லாரிக்கு முன்னால் போக ஐந்து கியர், பின்னால் போக ஒன்றே ஒன்று, அதுவும் ஊர்வதற்கு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எஞ்சின் மலையே அதிரும்படி கத்தியது.

"தம்பி, வண்டி நின்னுருச்சுங்களா?" என்றார் மாமா.

"இல்லீங்க மாமா, போயிட்டிருக்குது."

தலையில் கொழுந்து மூட்டையோடு எடைபோடப் போன பெண்கள் எங்களை முந்தினார்கள். "சார், நாங்க முன்னால போறோமுங்க. நீங்க வந்துட்டிருக்கீங்கன்னு ஊட்டுல சொல்லிரட்டுங்களா?"

போன் போட்டு இரண்டாவது ரயிலை வரவழைத்தேன். முருகேசன் ஓட்ட, சீறிக்கொண்டு வந்தது. எல்லோரும் அதில் மாறி ஏறினோம். அதுவும் பின்பக்கமாகத்தானே திரும்ப வேண்டும்? அதே கியர்பாக்ஸ். அதே ஊர்தல்.

"மூணாவதையும் கூப்புடட்டுங்களா சார்?" என்றார் முருகேசன். அவ்வளவு பணிவான குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

மணி பத்து. கேன்டீன் இன்னும் கண்ணுக்குத் தெரிந்தது. மூட்டுவலி மாமாவால் நடக்கவும் முடியாது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் தேயிலையைப் பார்த்தேன்.

அதுவரை வாய் திறக்காத பெண், கவிதா, எழுந்தாள். "உப்பும் சக்கரையுந்தானே மாமா? கேன்டீன்ல இருக்குது. இருங்க, வந்தர்றேன்." ஓடும் ரயிலிலிருந்து எதையும் பிடிக்காமல் இறங்கினாள். பத்து இருபதுக்குத் திரும்பி வந்தாள், டீக்கு வைத்திருந்த சர்க்கரையும் கொய்யாவுக்கு வைத்திருந்த உப்புமாக.

"வண்டிய நிறுத்துங்க, புள்ள ஏறட்டும்!" என்றார் மாமா.

"நிறுத்தோணுமுங்களா?" என்றார் முருகேசன்.

அவள் ஏறிவிட்டிருந்தாள். ராகுகாலத்துக்கு ஐந்து நிமிடம் முன்பு, ரயிலிலேயே நிச்சயம் முடிந்தது. நாங்கள் ஸ்டேஷனில் இறங்கும்போது ஃபேக்டரியில் மதியச் சங்கு ஊதியது.

அடுத்த வாரமே என்னை ஃபேக்டரிக்கு மாற்றினார்கள். உள்ளே போன கொழுந்து ரிவர்ஸில் திரும்பி வர வேண்டிய அவசியம் அங்கே இல்லை.

உங்களுடையது காதல் கல்யாணமா என்று யாராவது கேட்டால், இன்றும் கவிதா என்னைப் பேசவிடுவதில்லை. "பெரியவங்க பார்த்ததுதானுங்க. ஆனா இவரு பாட்டுக்கு ரயிலேறிப் போயிட்டாரு. நாந்தான் நடந்து போய்ப் புடிச்சேன்."