இரண்டு கூடை சூப்பர் கம்ப்யூட்டர்

துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். குவியல் அவள் மூக்குவரை இருந்தது. கணவன் வந்து எட்டிப் பார்த்துத்தான் அவள் அதற்குப் பின்னால் இருப்பதைக் கண்டுபிடித்தான்.

"இந்தாம்மா, கொஞ்சம் கேளு. நீ எனக்கு ரொம்பத் தேவைப்படறே."

கல்யாணமான இத்தனை வருஷத்தில் கேட்டறியாத வார்த்தை. அவள் நிமிர்ந்தாள்.

"நாளைக்கு எங்க மையத்தைப் பார்க்க ஊர் ஜனங்க வர்றாங்க. சூப்பர் கம்ப்யூட்டர் எவ்வளவு வேகம்னு மேடையேறிச் சொல்லணும். நான் சொல்றது சாதாரண ஆளுக்குப் புரியலேன்னா, பக்கத்து மேஜைக்காரன்தான் பேசுவான்னு டைரக்டர் சொல்லிட்டார். அதான் உங்கிட்ட வந்தேன். உன்னைவிடச் சாதாரண ஆளுக்கு நான் எங்கே போவேன்?"

அவள் கையிலிருந்த சட்டையை உதறினாள். சற்று ஓங்கியே உதறினாள்.

அவன் தொண்டையைச் செருமினான். "உலகத்துல உள்ள அத்தனை பேரும், நொடிக்கு ஒரு கணக்கு வீதம், சாப்பிடாம, தூங்காம நாலு வருஷம் போடணும். அதை எங்க மிஷின் ஒரே நொடியில போட்டுடும்!"

"அத்தனை பேரும்னா, நீங்களுமா?"

"நானும்தான்."

"அப்ப நாலு வருஷம் பத்தாது."

"பேச்சுக்குச் சொன்னேம்மா!"

"தூங்காமங்கறது உங்களுக்குத்தான் பேச்சு. சின்னவன் பொறந்து ஏழு மாசமா எனக்கு நிஜம். சரி, அதுக்கு எங்கேருந்து அவ்வளவு வேகம் வருது?"

அவன் முகம் மலர்ந்தது. "அப்படிக் கேளு! அது ஒரு மிஷின் இல்ல. ஆயிரக்கணக்குல பெட்டிங்க. ஒரு வேலையைத் துண்டு துண்டாப் பிரிச்சு எல்லாம் ஒரே நேரத்துல செய்யும்."

"ஒரு பெட்டி மட்டும் தனியாச் செஞ்சா?"

"நத்தைதான்."

"இந்த வீட்டுல ஒரு பெட்டிதான் ஓடுது."

அவன் விழித்தான். அவள் குவியலை நடுவில் கோடு கிழித்தாற்போல் பிரித்தாள். "செஞ்சு காட்டினா எனக்குச் சட்டுனு புரியும்."

மேடையா, மானமா? மேடைதான் என்று தரையில் உட்கார்ந்தான். காலுறைக்கு ஜோடி தேடினான். கைக்குழந்தைச் சட்டையை நாலாய் மடித்தான். அது தீப்பெட்டி அளவுக்கு வந்து காணாமல் போயிற்று.

"இந்தப் பெட்டி எதைச் செய்யணும், அந்தப் பெட்டி எதைச் செய்யணும்னு யாரு சொல்றது?"

"ஆகா, டைரக்டர்கூட இதைக் கேட்டதில்ல! அதுக்குன்னு ஒண்ணு இருக்கு. அது கணக்கே போடாது. வேலையைப் பிரிச்சுக் குடுக்கும். எது சும்மா இருக்குன்னு பார்த்துக்கிட்டே இருக்கும். அவ்வளவுதான்."

அவள் கையிலிருந்த துண்டை அவன் மடியில் வைத்தாள். சுவரில் சாய்ந்து, ஏழு மாதத்தில் முதல் தடவையாகக் காலை நீட்டினாள்.

"அது நான்."

அரைமணி நேரம் கழித்து, வேர்த்து வழிந்தபடி கேட்டான். "புரிஞ்சுதா?"

"பாதி புரிஞ்சுது. மீதி அதோ, அந்தக் கூடையில இருக்கு."

இரண்டாவது கூடையின் கடைசிப் பாவாடையில் அவன் இருந்தபோது போன் அடித்தது. டைரக்டர்.

"சாதாரண ஆளுக்குப் புரிஞ்சுதாய்யா?"

அவன் கெஞ்சும் கண்ணோடு போனை நீட்டினான். வெளியாரிடம் அதிகம் பேசாதவள், வெட்கத்தோடு வாங்கிக்கொண்டாள்.

"நல்லாப் புரிஞ்சுதுங்க சார். இவரு உட்கார்ந்து ரெண்டு கூடை துணியை மடிச்சுக் காட்டினாருங்க. என் பாவாடையைக்கூட விடலீங்க."

அவன் தலையில் கை வைத்தான். மறுமுனையில் டைரக்டர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பிரமாதம்மா! இதைவிடத் தெளிவா யாரும் சொல்ல முடியாது. மேடை அவருக்குத்தான். அங்கேயும் அதையே செய்யச் சொல்லுங்க!"

"சரிங்க சார். நாளைக்குத் துணியை நானே கட்டிக் குடுத்து அனுப்பறேன். மேல் வீட்டு அக்காகிட்டயும் ஒரு மூட்டை வாங்கித் தர்றேன். போர்வைக்கு மட்டும் அவரு இஸ்திரியும் போட்டு—"

உள்ளறையிலிருந்து பெரியவன் கத்தினான். "அம்மா! தம்பி முழிச்சுட்டான்!"