பிடிக்காத சிகரெட்டுக்கு வாங்கிய திட்டு

ஏழாவது முறையாக சிகரெட்டை விட்டபோது ஒரு மகத்தான முடிவு எடுத்தேன். விட்டதை யாரிடமும் சொல்வதில்லை. குறிப்பாக என் மனைவியிடம்.

முந்தைய ஆறு தடவையும் நான் தோற்றதற்குக் காரணம் சிகரெட் இல்லை, வேடிக்கை பார்த்தவர்கள். முதல் தடவை விட்ட அன்றே அவள் தன் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். மச்சான் தினமும் காலையில் கூப்பிட்டு, "மாப்ள, இன்னைக்கு எத்தனாவது நாள்?" என்று கேட்பார். ஒன்பதாவது நாள் அவருக்குப் பதில் சொல்லிவிட்டு, அந்த எரிச்சல் அடங்க ஒன்று பற்றவைத்தேன். இரண்டாவது தடவை சிகரெட்டுக்குப் பதில் மிட்டாய். அதில் ஒரு பல் மருத்துவர் நன்றாக வாழ்ந்தார். மூன்றாவதும் நான்காவதும் பக்கத்துப் பக்கத்தில் நடந்ததால் எது எங்கே முடிந்தது என்று எனக்கே தெளிவில்லை. ஐந்தாவது தடவை, பாத்ரூம் ஜன்னல் வழியாகப் புகை வெளியே போய்விடும் என்று நம்பினேன். அன்றைக்குக் காற்று வேறு மாதிரி நினைத்தது. ஆறாவது தடவைதான் என் சாதனை. முப்பத்தோரு நாள். அதைப் பாராட்டி அவள் ஒரு புதுச் சட்டை எடுத்துக் கொடுத்தாள். எனக்கு ஒரே சந்தோஷம். சந்தோஷம் வந்தால் நான் என்ன செய்வேன் என்பது ஊருக்கே தெரியும். ஒன்று பற்றவைத்தேன்.

ஏழாவது தடவை விளையாட்டு இல்லை. நான் குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை பார்க்கிறவன். எட்டு அறைகள். மணிக்கு ஒரு தடவை ஒவ்வொரு அறைக்குள்ளும் போய், எத்தனை டிகிரி என்று பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். உறைந்த மீனும் பட்டாணியும் எங்கேயும் தப்பி ஓடப்போவதில்லை. ஆனாலும் ஒருத்தன் விழித்திருக்க வேண்டும் என்று எவனோ விதி எழுதி வைத்திருக்கிறான். அந்த ஒருத்தனாகப் பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது.

இந்த வருடம் மருத்துவப் பரிசோதனையில் டாக்டர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினார். உள்ளே மூன்று பந்துகள்.

"குழாயை வாயில வச்சு இழுங்க. மூணு பந்தும் மேல போகணும்."

"இருபத்தஞ்சு வருஷமா இழுத்துட்டுதான் இருக்கேன் டாக்டர்."

"அது தெரியுது. இழுங்க."

இழுத்தேன். ஒரு பந்து தயங்கித் தயங்கி எழுந்தது. பாதி வழியில் மனம் மாறி உட்கார்ந்துவிட்டது. மற்ற இரண்டும் அசையவே இல்லை. டாக்டர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். மூன்று மாத அவகாசம். சிகரெட்டை விட்டுவிட்டு வந்து பந்துகளை ஏற்றிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் குளிர் அறைக்குள் போக எனக்குத் தகுதிச் சான்று கிடையாது. குளிர் அறைக்குள் போகாதவனுக்கு அந்தக் கிடங்கில் வேலையும் கிடையாது. நாற்பத்தெட்டு வயதில், உறைந்த பட்டாணியைப் பார்த்துக்கொள்ளத் தெரியும் என்பதை வைத்து வேறு எங்கே போய் நிற்பது?

சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வாயைத் திறக்கவில்லை. தூங்கி எழுந்து, சாயங்காலம் அதைக் கிடங்குக்கு எடுத்துப்போய் என் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். என் திட்டம் எளிமையானது. வெளியே பார்த்தால் புகைப்பிடிப்பவன், உள்ளே பார்த்தால் விட்டவன். தோற்றால் யாருக்கும் தெரியாது. ஜெயித்தால் ஒரு நாள் நானே அறிவித்துக்கொள்வேன். கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் எனக்கென்று ஒரு ரகசியமாவது இருக்கட்டுமே.

இதில் ஒரு பெரிய இடைஞ்சல் இருந்தது. அது என் மனைவியின் மூக்கு.

அவள் டிரை கிளீனிங் கடையில் துணி வாங்கி வைக்கும் இடத்தில் இருக்கிறாள். பதினாறு வருட சர்வீஸ். துணியைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, முகர்ந்து, கறை காப்பியா எண்ணெயா மையா என்று சீட்டெழுதிக் கட்டுவாள். சில வீடுகளில் பெரிய சண்டையே அவள் கட்டிய சீட்டிலிருந்துதான் தொடங்கியிருக்கிறது. அப்படிப்பட்டவளிடம் புகை வாசனை இல்லாத சட்டையோடு போய் நிற்பதும், வாக்குமூலம் எழுதிக் கையில் கொடுப்பதும் ஒன்றுதான்.

அதனால் மறுநாள் காலை ஆறு மணிக்கு, கிடங்கு வாசலில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அண்ணனிடம் போனேன். வேலை முடிந்து, அவர் ஆனந்தமாகப் புகைவிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரு உதவி. கொஞ்சம் என் சட்டை மேல ஊதுங்க."

"எதுக்கு? பேய் கீய் பிடிச்சிருக்கா?"

"இல்லண்ணே. வீட்டுக்காரிக்காக."

"அவங்களுக்குப் புகை வாசனை பிடிக்குமா?"

"சுத்தமா பிடிக்காது."

"அப்புறம்?"

"வாசனை இல்லேன்னா நான் சிகரெட்டை விட்டுட்டேன்னு கண்டுபிடிச்சிடுவா."

அவர் சிகரெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, உலகத்துல எல்லாரும் பிடிச்சிட்டு, பிடிக்கலேன்னு பொய் சொல்வாங்க. நீ பிடிக்காம பிடிச்சேன்னு சொல்லப்போறியா?"

"ஆமாண்ணே."

"குளிர்ல ரொம்ப வருஷம் இருந்தா மூளை இறுகிடும்னு சொன்னாங்க. நான்தான் நம்பல. சரி, திரும்பு. முதுகுக்கும் ஊதிடறேன்."

கூலி, தினம் என் பாக்கெட்டிலிருந்து ஒரு சிகரெட். எனக்கும் அது வசதி. பாக்கெட் காலியாகிக்கொண்டே வந்தால்தானே வீட்டில் சந்தேகம் வராது?

முதல் நாள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"வந்தாச்சா? கூடவே புகையும் வந்தாச்சா? ஆளுக்கு முன்னாடி அதுதான் கதவைத் தட்டுது."

நான் நேராகப் பால்கனிக்குப் போனேன். வீட்டுக்கு வந்ததும் அங்கே பத்து நிமிடம் நின்று ஒரு சிகரெட் பிடிப்பது என் பல வருட வழக்கம். வழக்கத்தை மாற்றினால் சந்தேகம் வரும். ஆகவே சிகரெட் இல்லாமல், வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். நீங்களும் நின்று பாருங்கள். கையில் சிகரெட் இல்லாமல் பால்கனியில் பத்து நிமிடம் நின்றால் மனிதன் தன்னைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது. சிகரெட் பரவாயில்லை என்று தோன்றிவிடும்.

உள்ளேயிருந்து திட்டு வந்துகொண்டே இருந்தது. "அந்த நுரையீரல் என்ன வாடகைக்கு எடுத்ததா? காலி பண்ணும்போது கரி பூசிட்டுப் போகலாம்னு நினைப்பா?"

எனக்கு உள்ளுக்குள் ஒரு புது சுகம். செய்யாத குற்றத்துக்குத் திட்டு வாங்குவது எவ்வளவு இனிமை தெரியுமா? அவள் திட்டத் திட்ட நான் மேலும் மேலும் நல்லவனாகிக்கொண்டிருந்தேன். ஒரு வாரத்தில் கிட்டத்தட்ட மகான்.

எட்டாம் நாள் ஆபத்து வந்தது. காப்பி டம்ளரோடு திடீரென்று பால்கனிக்கே வந்துவிட்டாள்.

"எங்க சிகரெட்?"

"முடிஞ்சிருச்சு."

"அதுக்குள்ளயா? நீங்க வந்து ரெண்டு நிமிஷம்தானே ஆச்சு?"

"இன்னைக்கு வேகமா பிடிச்சேன்."

"துண்டு எங்க?"

"கீழ போட்டுட்டேன்."

"கீழயா? யார் தலையில? நாலு மாடி கீழ மனுஷங்க நடக்கிறாங்க! போய் எடுத்துட்டு வாங்க."

"இப்பவா?"

"பின்ன, அதுவா படியேறி வருமா?"

நான்கு மாடி இறங்கினேன். போடாத துண்டைத் தேடினேன். காலை ஏழேகால் மணிக்கு ஒரு நடுவயசுக்காரன் குனிந்து தரையைத் துழாவினால் போகிறவர் வருகிறவரெல்லாம் எதைத் தொலைத்தீர்கள் என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது? கடைசியில் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் யாரோ போட்ட ஒன்று கிடைத்தது. வெற்றியோடு நான்கு மாடி ஏறி, மூச்சு வாங்க நீட்டினேன்.

"இந்தா. இதுதான்."

அவள் வாங்கவில்லை. வெளிச்சத்தில் பிடிக்கச் சொல்லிப் பார்த்தாள்.

"இதுல லிப்ஸ்டிக் இருக்கே."

நான் குளிர் அறையில்கூட அப்படி உறைந்ததில்லை. அவள் சட்டென்று சமையலறைக்குப் போய்விட்டாள். உள்ளே பாத்திரங்கள் அவசியமில்லாமல் உருண்டன. கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தொன்பதாம் நாள்தான் உண்மையான கண்டம். முந்தின இரவு மூன்றாம் அறைக் கதவு சரியாகச் சாத்தாமல் பத்துப் பெட்டி மீன் இளகிவிட்டது. சாத்தாதவன் சாயங்கால ஷிப்டுக்காரன். பழி எனக்கு. காலையில் மேற்பார்வையாளர் எல்லோர் முன்னாலும், "விழிச்சிருக்கிறதுக்குத்தானே உங்களை வச்சிருக்கோம்" என்றார். நான் விழித்துத்தான் இருந்தேன். பதினெட்டு வருடமாக அதைத் தவிர வேறு என்ன செய்தேன்?

பால்கனியில் நின்றேன். பாக்கெட்டில் இரண்டு இருந்தன. ஒன்றை எடுத்தேன். உதட்டில் வைத்தேன். பத்தொன்பது நாளுக்கு அப்புறம் லைட்டரைத் தட்டினேன். பந்தாவது, சான்றாவது என்று தோன்றியது. சுடர் நுனியை நெருங்கியபோது உள்ளேயிருந்து குரல் வெடித்தது.

"ஆரம்பிச்சாச்சா? பிடிங்க, நல்லா பிடிங்க! இவராவது, விடுறதாவது! இந்த ஜென்மத்துல உங்களால விட முடியாது. நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்!"

சுடரை அப்படியே பிடித்தபடி நின்றேன். இதைப் பற்றவைத்தால் அவள் சொன்னது உண்மையாகிவிடும். இருபத்திரண்டு வருடமாக அவள் சொன்னதெல்லாம் பலித்திருக்கிறது. குடை எடுத்துட்டுப் போங்க என்றால் மழை வந்திருக்கிறது. அந்த ஆள் சரியில்லை என்றால் அந்த ஆள் சரியில்லை. ஒரே ஒரு தடவையாவது அவள் சொன்னது தப்பாக வேண்டாமா?

லைட்டரை அணைத்தேன். சிகரெட்டை இரண்டாக ஒடித்துப் பூந்தொட்டி மண்ணில் புதைத்தேன்.

மேடு தாண்டியாயிற்று, அதற்குப் பிறகு இறக்கம்தான். என் மனம் தடுமாறுகிற காலைகளில் அவளுக்கும் எப்படியோ கோபம் கூடுதலாக வந்தது. திட்டு விழும், எனக்கு ரோஷம் வரும், அந்த நாள் தப்பும். அவளுடைய முன்கோபம் என்னைக் காப்பாற்றுகிறது, பாவம், அது அவளுக்கே தெரியாது என்று நினைத்து அனுதாபப்பட்டேன்.

மூன்று மாதம் முடிந்து டாக்டரிடம் போனேன். இழுத்தேன். முதல் பந்து துள்ளியது. இரண்டாவது அதைத் துரத்தியது. மூன்றாவது கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி போகட்டும் என்று எழுந்தது. டாக்டர் சான்றில் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை ஃபோர்க்லிஃப்ட் அண்ணனிடம், இனி ஊத வேண்டாம் என்றேன். தினக்கூலி போனதில் அவருக்கு வருத்தம். சுத்தமான சட்டையோடு வீட்டுக்கு வந்தேன். அவள் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"உட்காரு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நின்னுட்டே கேட்கிறேன். சொல்லுங்க."

"நான் சிகரெட்டை விட்டுட்டேன்."

"சரி."

"என்ன சரி? விட்டு மூணு மாசம் ஆச்சு!"

"இன்னையோட தொண்ணூத்தி மூணு நாள்."

நான்தான் உட்கார்ந்தேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"சிகரெட் பிடிக்கிறவங்க சட்டையில வாசனை எங்க இருக்கும்? கைமுனையில இருக்கும், காலர்ல இருக்கும். உங்க சட்டையில நெஞ்சுல இருந்துச்சு, நடு முதுகுல இருந்துச்சு. முதுகால சிகரெட் பிடிக்கிற ஆளைப் பதினாறு வருஷத்துல நான் பார்த்ததில்ல."

"அப்ப அந்த டாக்டர் சீட்டும் உனக்குத் தெரியுமா?"

"சட்டையைத் தண்ணியில போடுறதுக்கு முன்னாடி பையில கைவிட்டுப் பார்க்கணும். அது எங்க கடை விதி. அன்னைக்கு நீங்க தூங்கிட்டிருந்தீங்க. படிச்சிட்டு மறுபடியும் பையிலயே வச்சு, சட்டையைத் துவைக்காம மாட்டிட்டேன்." தோள்பையின் ஜிப்பை இழுத்தாள். அது சிக்கிக்கொண்டது. "ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கல. எங்க அண்ணன்கிட்டகூடச் சொல்லல."

"தெரிஞ்சுமா தினமும் அப்படித் திட்டினே?"

"ஆறு தடவை பாராட்டிப் பார்த்தாச்சு. பாராட்டினா அதிகபட்சம் முப்பத்தோரு நாள் தாங்குறீங்க. சரி, திட்டிப் பார்ப்போம்னு திட்டினேன். பத்தொன்பதாம் நாள் லைட்டர் சத்தம் கேட்டப்ப பல் விளக்கிட்டிருந்தேன். வாய் நிறைய நுரையோட கத்தினேன், தெரியுமா? பாதி நுரை உள்ள போயிடுச்சு."

அந்த மூன்று மாதத்தையும் ஒரு தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ரகசியம் என்னுடையது என்று நினைத்தேன், அதையும் அவள்தான் வைத்திருந்திருக்கிறாள். வைராக்கியம் என்னுடையது என்று நினைத்தேன், அதற்கும் அவள்தான் தினமும் சாவி கொடுத்திருக்கிறாள். பந்துகளை ஏற்றிய மூச்சு மட்டும் என்னுடையதாக இருக்கலாம். அதையும் விசாரித்தால்தான் தெரியும்.

இருந்தாலும் ஒரு லாபம் மிச்சமிருந்தது. அதையாவது கேட்டு வாங்கிவிடலாம் என்று குரலைச் சரிசெய்துகொண்டேன்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. இப்பதான் நான் விட்டாச்சே. டாக்டரே கையெழுத்துப் போட்டாச்சே. இனிமேலாவது காலையில திட்டாம இருக்கலாமில்ல?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"நீங்க ஒரு கெட்ட பழக்கத்தை விட்டீங்கங்கிறதுக்காக, நான் ஒரு நல்ல பழக்கத்தை விடணுமா?"