கழுதை விடும் மூச்சு

சலவைக் கடையின் பக்கவாட்டுச் சுவரில் ஒரு கழுதை நின்றபடி தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறது. உடம்பெல்லாம் கறுப்பு, தொலைபேசியின் ஒயர் மட்டும் சிவப்பு. ராத்திரியோடு ராத்திரியாக யாரோ வரைந்துவிட்டுப் போய்விட்டார்கள். காலையில் கடை திறக்க வந்த சலவைக் கடைக்காரர் அதைப் பார்த்தார், வரைந்தவனின் குடும்பத்தையே வாய் வலிக்கத் திட்டினார், வெள்ளையடிக்கப் பெயின்ட் வாங்கக் கிளம்பினார். பெயின்ட் கடையில் ஒருவர் செல்போனை நீட்டி, இது மாயக்கை வரைந்த படம், இதற்கு வெளியூரில் என்ன மதிப்பு தெரியுமா என்று கேட்டார். போன வேகத்தில் திரும்பிவந்த சலவைக் கடைக்காரர், கழுதைக்கு முன்னால் கயிறு கட்டி, பக்கத்தில் ஒரு உண்டியலும் வைத்துவிட்டார்.

மாயக்கை யார்? அது யாருக்கும் தெரியாது. ஆணா பெண்ணா, ஒருவரா ஒரு கும்பலா என்றுகூடத் தெரியாது. தெரியாததுதான் விசேஷமே. தெரிந்த ஆள் என்றால் அவர் குறட்டை விடுவதும் கடன் சொல்வதும் தெரிந்துபோகும். தெரியாத ஆளிடம் நாம் எதை வேண்டுமானாலும் ஏற்றி வைக்கலாம்.

தெருவே தேர்க்கூட்டமாகிவிட்டது. கழுதையோடு படம் எடுத்துக்கொண்டவர்கள், கழுதையைப் பார்த்துக் கண் கலங்கியவர்கள், கழுதை யாரோடு பேசுகிறது என்று சண்டை போட்டவர்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்து ஒருவருக்கு மூக்கில் வியர்த்தது. நறுக்கிய தாடி, கறுப்புச் சட்டை, கழுத்தைச் சுற்றிப் போட்ட துணி. எதிரில் பூட்டிக் கிடந்த செருப்புக் கடையை வாடகைக்கு எடுத்து, சுவரெல்லாம் வெள்ளையடித்து, பிரகாசமான விளக்குகள் மாட்டி, கலைக்கூடம் என்று பெயர்ப்பலகை வைத்தார். ஊர் அவரைத் தாடிக்காரர் என்றது.

தாடிக்காரர் விற்றது கழுதையின் பிரிண்ட். சுவரில் இருக்கும் அதே கழுதை, காகிதத்தில், சட்டம் போட்டு, மூலையில் ஒரு எண்ணோடு. விலையைச் சொன்னால் நீங்கள் உட்கார்ந்துவிடுவீர்கள். எங்கள் மாப்பிள்ளை உட்காரவில்லை, உருகிவிட்டார்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். இருவரும் சேர்ந்து மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துகிறார்கள். முன்னால் அவர் கண்ணாடி விற்பார், பின்னால் இருட்டறையில் அவள் கண் பரிசோதிப்பாள். பரிசோதிக்கிற மெஷினுக்கு அவர்கள் கல்யாணத்தைவிட வயது அதிகம். மோவாய் வைக்கும் இடம் உடைந்து டேப் ஒட்டியிருக்கிறது. ரிப்பேர்க்காரர் கடைசியாக வந்தபோது மெஷினைப் பார்த்துவிட்டு, சாவு வீட்டில் பேசுகிற குரலில், "இதுக்கு இனிமே பார்ட்ஸ் கிடைக்காதும்மா" என்று சொல்லிப் போனார். புது மெஷினுக்காகச் சேர்த்த பணம் பேங்கில் இருந்தது. மெஷின் வராவிட்டால் பரிசோதனை அறையை மூட வேண்டியதுதான். வெறும் ஃபிரேம் விற்று எத்தனை நாள் ஓட்ட முடியும்?

அந்தப் பணத்தின் மேல்தான் கழுதை கால் வைத்தது.

"மச்சான், அது வெறும் காகிதம் இல்ல. மாயக்கை மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஸ்பிரே அடிப்பாராம். வரைஞ்சு முடிச்சதும் அந்த மூச்சைப் படத்து மேல விடுவாராம். அது அப்படியே உள்ள தங்கிடுது" என்றார் மாப்பிள்ளை.

"சுவர்ல விட்ட மூச்சு பிரிண்டுக்கு எப்படி மாப்ள வந்துச்சு?"

"ஒவ்வொரு பிரிண்டுலயும் தனியா விடுறாரு. அதனாலதான் நம்பர் போட்டிருக்கு. சின்ன நம்பர்னா மூச்சு பெருசு."

"இதெல்லாம் உங்களுக்கு யாரு சொன்னா?"

"தாடிக்காரர். மாயக்கை அவர்கிட்ட மட்டும்தான் பேசுவாராம்."

கழுதையின் தொலைபேசி அவருக்கு மட்டும்தான் அடிக்கும்போல. மனசுக்குள்ளேயே சிரித்துக்கொண்டேன். தங்கை கணவரிடம் ஓரளவுக்கு மேல் பேசினால், ராத்திரி சாப்பாட்டில் உப்பு கூடுவது நமக்குத்தான்.

"நானே கையை வெச்சுப் பார்த்தேன் மச்சான். படத்துக்கிட்ட உள்ளங்கையைக் கொண்டுபோனா சூடு அடிக்குது. மூச்சு விடுற மாதிரி. பேக்கரிக்காரர் மூணாம் நம்பர் வாங்கினாரு, இப்ப அவர் கடையில நிக்க இடம் இல்ல. முதல் நம்பர் வாங்கினவரு அடுத்த மாசமே பத்து மடங்குக்கு வித்துட்டாராம்."

"யாருகிட்ட வித்தாரு?"

"அதைச் சொல்லக் கூடாதாம்."

சொன்னால் மூச்சு போய்விடும் என்று வைத்துக்கொள்வோம். பேக்கரியில் நிற்க இடமில்லை என்பது உண்மைதான். கழுதையைப் பார்க்க வந்த கூட்டத்துக்குப் பசிக்காதா? அந்தத் தெருவில் இருப்பது அந்த ஒரே பேக்கரி.

தாடிக்காரரின் பெரிய வித்தை வேறு. வேறு எங்காவது மலிவாகப் பிரிண்ட் வாங்கியவர்கள் அதை அவரிடம் கொண்டுவருவார்கள். அவர் கண்ணை மூடி, கையைப் படத்துக்கு மேலே நீட்டி, தலையை மெல்ல ஆட்டுவார். பிறகு சொல்வார்: "செத்த காகிதம்." கொண்டுவந்தவர் முகம் செத்துப்போகும். அவருக்கு ஆறுதலாக, உயிருள்ள ஒன்றை அங்கேயே விற்றுவிடுவார். தானே விற்ற படம் என்றால் மட்டும், "ஆகா, மூச்சு விடுது" என்பார். உலகத்திலேயே கழுதைக்கு நாடி பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் அவரை யாரும் எதிர்த்துக் கேட்கவில்லை.

சனிக்கிழமை பணம் கட்டி ஏழாம் நம்பரை எடுத்துவருவதாக மாப்பிள்ளை முடிவு செய்துவிட்டார். தங்கையிடம் அதைக் கடையில், என் எதிரில்தான் சொன்னார். நான் இருந்தால் அடி விழாது என்ற நம்பிக்கை.

தங்கை கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டாள். "அப்ப மெஷினு?"

"படத்தை வித்தா ரெண்டு மெஷின் வாங்கலாம்."

"எனக்கும் அந்தக் கழுதையைப் பிடிக்கும்ங்க. தினமும் அந்தப் பக்கமாத்தான் வரேன், பார்த்தாச் சிரிப்பு வருது. அதுக்கு யாரும் காசு கேக்கலையே."

"சுவத்துல இருக்கிறதை வீட்டுக்குக் கொண்டுவர முடியுமா?"

"சரி, வீட்டுக்கே கொண்டுவரலாம். நல்ல படம், நல்ல காகிதம், நல்ல அச்சு, அதுக்கு ஒரு விலை குடுக்கலாம். மிச்சத்தை எதுக்குக் குடுக்கிறோம்?"

"மூச்சுக்கு" என்றார் மாப்பிள்ளை, கொஞ்சம்கூட வெட்கப்படாமல்.

தங்கை கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது என் தப்பு. அவள் எழுந்து இருட்டறைக்குள் போனாள், நானும் பின்னால் போனேன்.

உள்ளே ஒரு வாத்தியார், பரிசோதனை ஃபிரேமை மூக்கில் மாட்டிக்கொண்டு காத்திருந்தார். எதைக் கொடுத்தாலும் குறை சொல்கிற ரகம். தங்கை ஒரு லென்ஸைப் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள்.

"முதல்ல பார்த்தது நல்லா தெரிஞ்சுதா, இப்பப் பார்க்கிறதா?"

"இதுதான். முதல்ல போட்டது ஒரே மங்கல்" என்றார் வாத்தியார்.

அவர் போனபின் தங்கை என் காதருகே சொன்னாள். "ரெண்டும் ஒரே லென்ஸ்தான் அண்ணா. இந்த மாதிரி ஆளுங்களுக்கு அப்பப்ப இப்படிச் செய்வேன். உண்மையாவே தெரியுதா, இல்ல ஏதாவது சொல்லணுமேன்னு சொல்றாங்களான்னு அதுல தெரிஞ்சிடும்." பிறகு சுவரில் சாய்த்து வைத்திருந்த ஒன்றைக் கண்ணால் காட்டினாள். "சனிக்கிழமை நீயும் வா. கொஞ்சம் சுமக்கணும்."

சனிக்கிழமை கலைக்கூடத்தில் கால் வைக்க இடமில்லை. ஏழாம் நம்பர் கைமாறுவதைப் பார்க்க ஊரே வந்திருந்தது. சலவைக் கடைக்காரர், பேக்கரிக்காரர், செத்த காகிதக்காரர்கள், ஓசி ஜூஸ் கிடைக்கும் என்று வந்தவர்கள். மாப்பிள்ளை இஸ்திரி போட்ட சட்டையில் மணமகன் மாதிரி நின்றார்.

"ஐயா, ஒரு சின்ன சந்தேகம்" என்றாள் தங்கை. "பணம் கட்டுறதுக்கு முன்னாடி கேட்டுக்கலாமா?"

"தாராளமா கேளுங்கம்மா" என்றார் தாடிக்காரர்.

"இந்த மூச்சு இன்னைக்கு இருந்து நாளைக்கு நின்னுபோகுமா?"

"ஒருக்காலும் நிக்காது. இருக்கிறது என்னைக்கும் இருக்கும். செத்தது செத்ததுதான்."

"துணி போட்டு மூடினா?"

"மூச்சுக்கு ஏதும்மா திரை? என் கைக்குச் சுவரே தடை இல்ல."

"அப்ப நல்லதாப் போச்சு. நாங்க துணி போட்டு மூடிக் கொண்டுவரோம். நீங்க தொடாம, கையை மட்டும் நீட்டி, மூச்சு இருக்கா இல்லையான்னு சொல்லுங்க. எல்லாரும் பார்க்கட்டும், உங்களுக்கும் பேரு."

தாடிக்காரர் தாடியைத் தடவினார். கூட்டம் அதற்குள் கை தட்டிவிட்டது. இதைவிட நல்ல விளம்பரம் ஏது என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். பெருந்தன்மையோடு தலையசைத்தார்.

கூடத்தின் கோடியில் ஒரு நீலத்திரை தொங்கியது. வந்தவுடனேயே அதன் பின்னால் சாய்த்து வைத்திருந்த, கறுப்புத் துணி போர்த்திய சட்டம் ஒன்றை நான் தூக்கிக்கொண்டு வந்தேன். தாடிக்காரர் கண்ணை மூடினார், கையை நீட்டினார், பெருமூச்சு விட்டார்.

"செத்த காகிதம்."

திரைக்குப் பின்னால் கொண்டுபோனேன். கொஞ்சம் தண்ணீர் குடித்தேன். மறுபடி கொண்டுவந்தேன்.

"முதல்ல வந்ததுல மூச்சு இருந்துச்சா, இப்ப வந்ததுலயா?" என்று கேட்டாள் தங்கை, அவள் வேலையில் கேட்கிற அதே குரலில்.

"இதுல" என்றார் தாடிக்காரர் உடனே. உள்ளங்கையை உதறிக்கொண்டார். "இது ரொம்பச் சின்ன நம்பர். முதல் நாலுக்குள்ள. கை சுடுதும்மா."

கூட்டம் வாயைப் பிளந்தது. மாப்பிள்ளை என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நான் திரும்பப் போய்த் திரும்ப வந்தேன்.

"இதுவும் உயிர் உள்ளதுதான். ஆனா மூச்சு வாங்குது. யாரோ சமையலறையில மாட்டி வெச்சிருக்காங்க."

கூட்டத்தில் ஒரு அம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். அவர் வீட்டில் சமையலறையில்தான் மாட்டியிருந்தாராம்.

இன்னொரு தடவை கொண்டுவந்தேன். சட்டம் கனம், எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

"செத்தது. சந்தேகமே இல்ல."

"செத்தது செத்ததுதானே ஐயா?"

"ஆமாம்மா."

தங்கை துணியின் ஓரத்தைப் பிடித்தாள். "அண்ணா, எத்தனை சட்டம் கொண்டுவந்தே?"

"எத்தனை எங்க? ஒண்ணுதான். அதையேதான் தூக்கிட்டு நடக்கிறேன்."

திரையை விலக்கிப் பார்க்கச் சிலர் ஓடினார்கள். அங்கே என் தண்ணீர்ப் பாட்டில் மட்டும் இருந்தது.

"ஒரே படம் செத்து, பொழைச்சு, மூச்சு வாங்கி, மறுபடி செத்துப்போச்சு" என்று சொல்லிக்கொண்டே தங்கை துணியை உருவினாள்.

கழுதை இல்லை. எங்கள் இருட்டறையின் பழைய எழுத்துப் பலகை. மேலே பெரிய எழுத்து ஒன்று, கீழே போகப்போகப் பொடி எழுத்துகள். இத்தனை காலமும் வாடிக்கையாளர்கள் மோவாயை நீட்டி முறைத்துப் பார்த்த அதே பலகை.

"ஐயா, கண்ணைத் திறங்க. முதல் வரியை மட்டும் படிங்க, போதும்."

தாடிக்காரர் படிக்கவில்லை. வியர்த்த நெற்றியைக் கழுத்துத் துணியால் துடைத்துக்கொண்டார். "சந்தேகப்படுறவங்க இருக்கிற இடத்துல மூச்சு குழம்பிடும்" என்றார்.

"அப்ப என் காசு மட்டும் குழம்பாம உங்ககிட்ட வந்துச்சே" என்றார் பேக்கரிக்காரர். முதல் சிரிப்பு அங்கிருந்துதான் கிளம்பியது. பிறகு அடங்கவே இல்லை.

சிரிக்காத ஒரே ஆள் மாப்பிள்ளை. அவர் மெதுவாகச் சுவரோரம் போனார். ஏழாம் நம்பருக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டினார். அப்படியே கையை நகர்த்தி, படமே இல்லாத வெறும் சுவருக்குக் கொண்டுபோனார். பிறகு தலையைத் தூக்கி, மேலே தகதகத்த விளக்கைப் பார்த்தார்.

"மச்சான்" என்றார் ஈனக்குரலில், "இந்தச் சுவரும் மூச்சு விடுது."

எனக்கு அவர்மேல் பாசம் பொங்கிவிட்டது. அவ்வளவு பேர் நடுவில், தான் ஏமாந்ததைத் தானே சோதித்துப் பார்த்து வாய்விட்டுச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். தங்கை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "சரி வாங்க, வீட்டுக்குப் போலாம். பலகையை நீங்க தூக்குங்க, அண்ணனுக்கு இடுப்பு போச்சு."

அன்றே கலைக்கூடத்தைச் சூழ்ந்துகொண்டார்கள் காசு கொடுத்தவர்கள். மூச்சுக்கு வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் தாடிக்காரர் தாடியோடு வெளியேற முடிந்தது. காகிதத்துக்கும் சட்டத்துக்கும் உள்ளதை நியாயமாக விட்டுவிட்டார்கள்.

புது மெஷின் வந்துவிட்டது. முதல் ஆளாக மாப்பிள்ளைதான் மோவாயை வைத்தார். அவருக்குக் கண்ணாடி தேவையாம். கண்ணாடிக் கடைக்காரருக்கே இத்தனை நாள் தெரியவில்லை. கழுதை இன்னும் அதே சுவரில், கயிறும் உண்டியலும் இல்லாமல் பேசிக்கொண்டிருக்கிறது. போகிறவர்கள் நின்று பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். நல்ல படம்தான், அதில் யாருக்கும் சண்டையில்லை.

தாடிக்காரர் இப்போது நாலு தெரு தள்ளிக் கடை போட்டிருக்கிறார் என்று கேள்வி. அங்கே ஒரு சுவரில் குடை பிடித்த குரங்கு வந்திருக்கிறதாம், அதற்கு நாடித்துடிப்பு இருக்கிறதாம், கூட்டம் தாங்கவில்லையாம். கூட்டத்தில் பாதிப்பேர் எங்கள் தெருக்காரர்கள்.

நீங்களும் போகிறதாக இருந்தால், முடிந்தால் ஒரு நிஜக் கழுதையைக் கூட்டிப் போங்கள். அதன் முன்னால் ஒரு காகிதத்தை நீட்டினால், எவ்வளவு விலை என்றோ யார் மூச்சு என்றோ கேட்காது. மென்று பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்யும்.